ஊருக்கு ஒரு நதிநீர்க் கமிட்டி வேண்டும்

ஆறு கெட்ட பிறகு மனு எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. "கலெக்டரிடம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று சலித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். மனு கொடுத்தது தவறல்ல. மனுவுக்குப் பின்னால் ஸ்தாபனம் இல்லாததுதான் குறை. நொய்யலின் கதையே இதற்குச் சாட்சி.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில், 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தொட்டியாயிற்று. சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த உப்பை எடுக்கவில்லை. அது கிணறுகளில் இறங்கியது. தென்னை வாடியது. தண்ணீர் மாட்டுக்கும் ஆகாமல் போயிற்று.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் ஏறியது. 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் அபராதம் விதித்தது. 2009-ல் உச்சநீதிமன்றத்திலும் சங்கமே வென்றது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. விடாப்பிடியான சங்கம் இல்லையென்றால் இத்தனை ஆண்டு யார் தாக்குப்பிடித்திருப்பார்கள்?

ஆனால் மூடிய மறுநாள் வேலை இழந்தவன் யார்? சாயத்தொட்டியில் நின்ற தொழிலாளி. பட்டறைக்காரர்களுக்கு சர்க்கார் ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஊர் திரும்பிய தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? "விவசாயிதான் உன் சோற்றில் மண்ணைப் போட்டான்" என்று அவனை நினைக்க வைப்பது முதலாளிக்கு லாபம். உண்மையில், சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்தியவனே இருவர் வயிற்றிலும் அடித்தவன். ஆகவே கமிட்டி அமைக்கும்போதே விவசாயியும் தொழிலாளியும் ஒரே பாயில் உட்கார வேண்டும்.

எப்படித் தொடங்குவது? பத்துப் பேர் போதும். தோட்டத்துக்காரர்கள் மட்டும் கூடினால் அது பாதி ஊர்தான். வளவில் பொதுக் குழாயை நம்பியிருக்கும் அருந்ததியர் பெண்களும், விவசாயக் கூலிகளும், பட்டறைத் தொழிலாளிகளும் பொறுப்பில் இருக்க வேண்டும். எல்லோரும் சமமாக உட்கார முடியாத மண்டபத்தில் கூட்டம் வேண்டாம். ரேஷன் கடை வாசல் போதும்.

அடுத்தது நோட்டு. உப்பு அளக்கும் சிறு மீட்டர் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருநாள் குறிப்பிட்ட கிணறுகளில் அளந்து, தேதியோடு எழுதுங்கள். ஆற்றில் விடும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வாரிய வரம்பு. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்றால் அதிகாரி தலையாட்டுவார். ஆறு மாதக் கணக்கை மேஜையில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மே தினத்தன்றும் கூடும் கிராம சபை இருக்கிறது. தீர்மானத்தை எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

மூன்றாவது காசு. மாதம் பத்து ரூபாய் சந்தா, கையோடு ரசீது. வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பட்டறைக்காரர் தரும் நன்கொடை ஒரு ரூபாயானாலும் வேண்டாம். வாங்கிய கை வாயைக் கட்டும்.

கடைசியாக ஒன்று. உத்தரவு கிடைத்ததும் கமிட்டியைக் கலைத்துவிடாதீர்கள். மழை பெய்யும் இரவில் மதகு திறப்பவனுக்கு நமது தூக்கமே துணை. "கழிவை நிறுத்து, தொழிலாளிக்கு வேலையும் மூடிய நாட்களுக்குக் கூலியும் கொடு" என்ற இரண்டும் ஒரே கோரிக்கையாக ஒலிக்கட்டும். நொய்யல் கரையில் கமிட்டி இல்லாத கிராமம் இருக்கக்கூடாது. இந்த வாரமே கூடுங்கள், தோழர்களே!