ஆகாய வழிச் சரக்கும் ஆபத்தறிக்கைத் தாளும்

வாணிகப் பொருளை ஓரூரினின்று மற்றோரூர்க்கு அனுப்புவோர், அதன் பெயரையும் எடையையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் வழக்கம். அதனை எழுதுவோர் கணக்கர். படிப்போர் சுங்கச் சாவடியார். தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கு அத்தாளில் யாது வேலை என்று இவ்விதழைப் படிக்கும் நண்பர் சிலர் வினவலாம். வேலையுண்டு என்பதே என் கருத்து. ஒரு சொல் பிழைபட்ட காரணத்தால் நூற்றுப்பதின்மர் மாண்டதுண்டு. பொய்ப் பெயர் பூண்டு வந்த சரக்கினால் பெரியதோர் ஆகாய விமானம் பாழானதுமுண்டு. பின்னது நம் சென்னையை நோக்கி வந்த சரக்கு என்பதை நம்மிற் பலர் அறியார்.

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ந் தேதி, மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் விமானமொன்று பெய்ஜிங் நகரினின்று கோலாலம்பூர் வந்து சேர்ந்தது. அதன் வயிற்றில் 80 கலங்கள் இருந்தன. எடை ஏறத்தாழ 2,000 கிலோ. அவற்றை இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். தாளிற் கண்ட பெயர் ஹைட்ராக்சி குவினோலின் என்பது. கலங்களில் உண்மையாய் இருந்ததோ ஆக்சாலில் குளோரைடு என்னும் நீர்மம். அஃது ஈரம் பட்ட அளவிலே சீறியெழுந்து அமில ஆவி கக்குவது, உலோகத்தை அரிப்பது, நுரையீரலைச் சுடுவது. கலங்களிற் சில கசிந்திருந்தன. இறக்கப் புகுந்த தொழிலாளர் ஐவர் ஆவி தாக்கி நோயுற்றனர். கசிந்த நீர்மம் விமானத்தின் உடலை அரித்து, அது மீண்டும் பறத்தற்கு உதவாதபடி செய்துவிட்டது. சரக்கை யனுப்பிய சீன நிறுவனம் காப்புறுதிக் கழகங்களுக்கு ஆறரைக் கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தரவேண்டுமென்று 2007இல் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானத்துக்கு விலை கூறலாம். அக்கலங்கள் இன்னும் சில மணி நேரம் கசியாதிருந்து, மீனம்பாக்கத்தில் கசிந்திருப்பின், மூச்சுத் திணறி வீழ்ந்திருப்போர் நம்மூர்ச் சுமையாளர் அல்லரோ?

இனி, பிழைபட்ட சொல்லின் வரலாற்றைக் கேண்மின். 1996ஆம் ஆண்டு மே மாதம் 11ந் தேதி அமெரிக்காவின் மயாமி நகரினின்று புறப்பட்ட வேல்யுஜெட் விமானம் சில நிமிடங்களில் தீப்பற்றிச் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். விமானத்தின் கீழறையில் உயிர்வளி பிறப்பிக்கும் பழைய கருவிகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. பயன்படுத்தும் காலவரையறை கடந்தவை பல. எனினும் அவற்றின் மருந்து தீர்ந்துபோகவில்லை. தட்டினால் இயங்கும், இயங்கினால் கொதிக்கும். அவற்றின் முனைக்குப் பாதுகாப்பு மூடி இடப்படவில்லை. இட்டதாக வேலையட்டையில் மட்டும் கையெழுத்து இருந்தது. சரக்குச் சீட்டில் அவை ‘காலி’ என்று எழுதப்பட்டன. காலாவதியானது வேறு, காலியானது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட எழுத்தன் கொலைஞனல்லன், சோம்பலுடையவனாகவும் இருந்திரான். தன் முன்னிருந்த பெட்டியினுள் யாதுளது என்று அறியாமலே அதற்குப் பெயரிட்டான், அவ்வளவே. பெயரென்பது பொருளைச் சுட்டுவது என்று இலக்கண வகுப்பில் நாம் மனனம் செய்கின்றோம். பொருளைக் காணாது இட்ட பெயர் எதனைச் சுட்டும்?

இவை வேதிப்பொருள்கள். துப்பாக்கித் தோட்டாவை ஆகாய வழியே அனுப்புங்கால் நெறி இன்னும் கடுமையாகின்றது. 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் பதினெட்டாம் இணைப்பு இதற்கு அடிப்படை. அது 1981இல் ஏற்கப்பட்டது. இந்தியாவில் இதற்கென 2003இல் தனி விதிகள் வகுக்கப்பெற்றன. அனுப்புவோன் நிரப்ப வேண்டிய அறிக்கையின் இரு விளிம்பிலும் சிவப்புக் கோடுகள் சாய்வாக அச்சிடப்பட்டிருக்கும். வெறுமனே ‘தோட்டா’ என்றெழுதின் அத்தாள் செல்லாது. ஐக்கிய நாடுகள் சபை வகுத்த எண் வேண்டும். சிறு துப்பாக்கித் தோட்டாவுக்கு அது 0012. அவ்வெண்ணோடு சேர்ந்த முறையான பெயர் வேண்டும். வகுப்பும் பிரிவும் வேண்டும், இதற்கு 1.4 எஸ். எத்தனை பெட்டி, எவ்வகைப் பெட்டி, எவ்வளவு எடை, எந்தப் பொதிவு விதியைப் பின்பற்றியது என்பனவும் வேண்டும். இத்தனையும் எழுதி, ‘இவை முழுமையும் உண்மையுமாம்’ என்னும் கருத்துள்ள உறுதிமொழியின்கீழ் அனுப்புவோன் தன் பெயரிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் அச்செய்தி விமானத் தலைவன் கைக்கும் ஒரு தாளாய்ச் செல்லும். நடுவானில் புகை கண்டால் கீழறையில் எம்மூலையில் எது கிடக்கின்றது என்று அவன் அறிதற்பொருட்டே அது.

‘1.4 எஸ்’ என்னும் குறியில் ஒரு நூலளவு பொருள் அடங்கியிருத்தல் வியப்பே. 1 என்பது வெடிபொருள். 4 என்பது பெருங்கேடு விளைக்காதது. எஸ் என்பது, தவறி வெடித்தாலும் அதன் விளைவு பெட்டிக்குள்ளேயே அடங்குமாறு கட்டப்பட்டது. ஆதலின் இத்தகைய தோட்டாவைப் பயணிகள் விமானத்திலும், பொட்டலம் ஒன்றுக்கு 25 கிலோவுக்கு மேற்படாமல் ஏற்ற விதி இடந்தருகின்றது. சரக்கு விமானமாயின் 100 கிலோ. பாறை பிளக்கும் வெடிமருந்துக்கோ பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. சிவகாசி மத்தாப்பைத் தம் பெட்டியில் ஒளித்துக்கொண்டு வெளிநாட்டு மருமகனுக்குத் தீபாவளி கொண்டுபோகும் மாமனாருக்கும் விதி இடந்தராது. அவர் அதை அறிந்தாரோ இல்லையோ, அது வேறு செய்தி.

எழுத்தின் கடமை நிறைவேறாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்றுண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ந் தேதி, போர்ட் ஸ்டிகின் என்னும் கப்பல் பம்பாய்த் துறையில் வெடித்தது. அதனுள் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருளோடு பஞ்சுப் பொதிகளும் எண்ணெயும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. வெடிச்சரக்குடைய கப்பல் ஏற்ற வேண்டிய செங்கொடி அதில் ஏற்றப்படவில்லை என்பர். துறைமுகத்திலும் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவருள் தீயணைக்கச் சென்றோர் பலர். கொடியும் ஓர் எழுத்தே. எழுதாமல் விட்டதும் பொய்யாக எழுதியதும் அருகில் நிற்பவனுக்கு ஒரே பயனைத் தருகின்றன.

வேலூரிலும் ஆம்பூரிலும் இருப்போர்க்கு இது தொலைவான செய்தியன்று. காட்பாடியை யடுத்து மாநில அரசினர் நிறுவிய தொழிற்சாலையில் வெடிபொருள் செய்யப்பட்டமை ஊரார் அறிந்ததே. அது நிற்க, பாலாற்றங்கரையில் நாள்தோறும் புழங்கும் பொருள்களை எண்ணுவோம். தோலின் மயிர் நீக்கும் சோடியம் சல்பைடு அப்பட்டியலில் எண் பெற்ற பொருள். நீரேறிய வகைக்கு எண் 1849. பதனிடுங்கால் ஊற்றும் பார்மிக் அமிலம் 1779. ஆம்பூரில் செருப்பின் மேற்றோலையும் அடியையும் ஒட்டும் பசை, எளிதில் தீப்பற்றுவதாயின், 1133. மாதிரிக்கென்று ஒரு டப்பாப் பசையை விமானத்தில் அனுப்பும் செருப்பு வணிகர் நிரப்ப வேண்டியதும், தோட்டா அனுப்புவோர் நிரப்பும் அதே சிவப்பு விளிம்புத் தாள்தான். பசைதானே என்று அதனைச் ‘செருப்பு மாதிரி’ என்றெழுதும் கையும், கோலாலம்பூருக்குக் கலம் அனுப்பிய கையும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. இவ்வளவு கடுமை கூடாதென்று நண்பர்கள் சிலர் என்னோடு வாதிட்டனர். நான் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆயினும் என் மனக்குறை வணிகரைப் பற்றியதன்று; தாளின் மொழியைப் பற்றியது. அவ்வறிக்கை ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்பது விதி. பல நாட்டு வானில் பறப்பதற்கு ஒரு பொதுமொழி வேண்டுமாதலின் அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் சரக்குப் புறப்படும் நாடு வேண்டினால் அந்நாட்டு மொழியையும் ஆங்கிலத்தோடு சேர்த்தெழுதலாம் என்பதும் விதியின் போக்கே. இந்நெறியை நாம் ஏன் கைக்கொள்ளலாகாது? பெட்டியைத் தூக்குவோன் தாளைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கின்றான். படங்கள் உளவே என்பர். உள, எரிபொருளுக்குச் சுடரும், நஞ்சுக்கு மண்டையோடும் உள. தோட்டாப் பெட்டியின் சீட்டிலோ செம்மஞ்சள் நிறத்தின்மீது 1.4 என்னும் எண் மட்டுமே உளது. வெடிக்கும் குண்டின் உருவம் அதிலில்லை. அவ்வெண்ணின் பொருள் கல்லாதவனுக்கு அது விலைச்சீட்டினும் வேறன்று.

தோல் தொழிற்சாலையில் இக்குறை உயிரையே வாங்குவது. சல்பைடும் அமிலமும் கலந்தவிடத்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் ஆவி பிறக்கும். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தவிடத்து மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று எண்ணிக் கழிவுத் தொட்டியில் இறங்குவோன் மீள்வதில்லை. அவனைத் தூக்கப் பின்னிறங்கும் தோழனும் மீள்வதில்லை. இச்செய்தி பொருளோடு வரும் பாதுகாப்புக் குறிப்பில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் கூடும். அது ஆங்கிலத்தில் அலுவலறைக் கோப்பில் உறங்குமாயின் தொட்டிக்கரையில் நிற்பவனுக்கு யாது பயன்?

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களில் ஒன்று வலிமையுடையது. மொழிபெயர்ப்புத் தவறின், மொழிபெயர்ப்பில்லாமையினும் கேடு மிகும் என்பதே அது. உண்மைதான். ஆங்கிலத்திலேயே ‘இன்ப்ளேமபிள்’ என்னும் சொல்லைத் தீப்பற்றாதது என்று மயங்குவோர் இருந்தமையால், முன்னெழுத்தை நீக்கிப் ‘ப்ளேமபிள்’ என்றே சீட்டுகளில் எழுதலாயினர். நம் மொழியிலும் அத்தகைய இடர்ப்பாடு வரும். ‘காலிப் பீப்பாய்’ என்கின்றோம். கழுவாத பீப்பாயை அவ்விதிகள் காலியென்று ஒப்புவதில்லை; முன்பு அதிலிருந்த பொருளின் பெயரையே அது சுமக்க வேண்டும். நம் தெருக்களிலோ மருந்துப் பீப்பாயைக் கழுவியதாக எண்ணித் தண்ணீர் நிரப்பிவைக்கும் வீடுகள் உண்டு. ஆதலின் ‘வெற்றுக்கலம்’, ‘எச்சமுள்ள கலம்’ என இரு சொற்கள் நமக்கு வேண்டும். ‘அரிக்கும்’ என்றாலோ நம் மக்கள் தோல் நமைச்சலை நினைப்பர். ‘தசையைத் தின்னும்’ என்றெழுதினால் நினைவு தவறாது. புலவர் குழு அமர்ந்து அகராதியில் அருஞ்சொல் தேடுவதால் இப்பணி முடியாது. சுமையாளரிடம் படித்துக்காட்டி, அவர் என்ன பொருள் கொண்டார் என்று கேட்டறிந்து திருத்த வேண்டும்.

மற்றொன்றையும் மறைத்தல் முறையன்று. 2015ஆம் ஆண்டு சனவரி 31ந் தேதி, இராணிப்பேட்டையில் தோற்கழிவுச் சேற்றுத்தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிய பதின்மர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலார் மேற்கு வங்காளத்தினின்று பிழைக்க வந்தோர். அவர்க்குத் தமிழ்ச் சீட்டும் ஆங்கிலச் சீட்டும் ஒன்றே. தமிழ் சேர்ப்போம் என்னும் என் வாதம் இவ்விடத்தில் தடுமாறுகின்றது. அதனால் வீழ்வதில்லை, விரிகின்றது. யார் தூக்குகின்றாரோ அவர் மொழியில் சீட்டு வேண்டும். வங்காளமும் இந்தியும் அறிந்தாரைத் தேடுவது கடினமன்று. அத்தொழிலாளரிடையே எழுத்தறிந்தோர் இருப்பர்.

2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் கல்லூரிகள் பல உள. வேதியியல் மாணவர் பொருளின் இயல்பை உரைக்கட்டும். தமிழ் மாணவராகிய நாம் அதற்கு வாசகம் எழுதுவோம். முதலில் ஐம்பது பொருள்கள் போதும். சல்பைடுப் பீப்பாய்க்கு நான் எழுதிப் பார்த்த வாசகம் இது: ‘சோடியம் சல்பைடு. தசையைத் தின்னும். இதனோடு அமிலம் சேர்க்காதே. சேர்ந்தால் கொல்லும் காற்று எழும். நாற்றம் நின்றால் வெளியே ஓடு.’ இதனினும் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுத வல்லார் நம் வகுப்பிலேயே உளர். அவர் எழுதித் தருவாராயின் என்னுடையதைக் கிழித்தெறிய உடன்படுகின்றேன்.