நாள்பட்ட நுரையீரல் நோயில் நோயாளியின் சொல்லும் சான்றே: எங்கள் நிலைப்பாடு

சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், நோயாளி தன் மூச்சைப் பற்றிச் சொல்வதை மருத்துவச் சான்றாக ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும். சிகிச்சை முடிவு அதையும் வைத்தே எடுக்கப்பட வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இந்தியாவில் இந்நோய் உள்ளவர்கள் 1990இல் 2.81 கோடி பேர் என்றும் 2016இல் 5.53 கோடி பேர் என்றும் மதிப்பிடப்பட்டது. பீடி, சிகரெட்டை மட்டும் குற்றம் சொல்லி இதை விளக்கிவிட முடியாது. விறகடுப்புப் புகையிலேயே சமைத்துப் பழகிய பெண்கள், கொள்முதல் நிலையங்களில் நெல் தூற்றுவோர், அரிசி ஆலைத் தொழிலாளர்கள், காசநோய் குணமாகியும் நுரையீரல் பழுதோடு வாழ்வோர் என்று தஞ்சை வட்டாரத்தில் இந்த நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் பலர். "புகை பிடிப்பீர்களா?" என்ற ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்தால் இவர்களில் பலருடைய நோய் பிடிபடவே செய்யாது.

நோயை உறுதி செய்ய, மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவி கட்டாயம் வேண்டும். ஆனால் ஊதும் அந்த நேரத்து அளவைத்தான் அது காட்டும். சம்பா அறுவடைத் தூசியில் மூச்சு என்ன ஆகிறது, மார்கழிப் பனியில் இரவில் எத்தனை முறை எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் நோயாளிக்குத்தான் தெரியும். நோய் திடீரென முற்றுவதை வகைப்படுத்த 1987இல் கனடாவின் ஆண்டனிசன் குழு வைத்த அளவுகோல்கள் மூன்று: இளைப்பு கூடுவது, சளி கூடுவது, சளியின் நிறம் மாறுவது. இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்தும் இந்த மூன்றையும் முதலில் அறிபவர் நோயாளிதான்.

நோயாளியை நம்பினால் ஆபத்து என்பது வலுவான மறுப்பு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 426 பேரிடம் நடந்த சோதனை ஒன்றில், தாமே நோயைக் கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பிரிவில் 28 பேரும் மற்றதில் 10 பேரும் இறந்ததால் அது பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2012இல் வெளியாயின. இதை நாங்கள் மறைக்கவில்லை. மறுபக்கம், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, எழுத்துத் திட்டத்தோடு கூடிய பயிற்சியால் மூச்சுக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வது குறைவதைக் கண்டது. ஆகவே நோயாளியைத் தனியே விடுவதை நாங்கள் கேட்கவில்லை. மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தானே விழுங்குவதை எதிர்க்கிறோம். ஏனெனில் இதயக் கோளாறும் இதே இளைப்பாக வரக்கூடும். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று மருத்துவரும் நோயாளியும் பேசித் தமிழில் எழுதிய ஒரு தாள் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும், மூச்சுத் திணறும் வேளையில் உறவினரைக் கேட்காமல், நிதானமான நாளில் நோயாளியிடமே கேட்க வேண்டும்.

புறநோயாளிப் பிரிவுக் கூட்டத்தில் இதற்கு நேரமேது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. அத்திட்டத்தின் ஊழியர்களுக்கே பயிற்சி தந்து, இன்ஹேலரை நோயாளி சரியாக உறிஞ்சுகிறாரா என்று பார்க்கவும் அவர் சொல்வதைச் சீட்டில் குறிக்கவும் செய்யலாம். அடுத்த சம்பா அறுவடைக்குள் காவிரி டெல்டா மாவட்டங்களில் இதைத் தொடங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.