யார் வெளியார்?

அன்டோரா. வினாடி வினாப் போட்டிகளில் கேட்டிருப்போம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலைகளுக்குள்ளே, கடலே இல்லாத நாடு. பரப்பு 468 சதுர கிலோமீட்டர். நம்ம மாத்தளை மாவட்டத்தில் கால்வாசிகூட வராது.

அங்கே ஒரு விசேஷம். நாட்டுக்குத் தலைவர்கள் இரண்டு பேர், இருவரும் இருப்பது நாட்டுக்கு வெளியே: பிரான்சின் ஜனாதிபதி, ஸ்பெயினில் உள்ள உர்ஹெல் ஆயர். 1278இல் செய்த உடன்படிக்கையில் தொடங்கிய ஏற்பாடு இது. 1993இல் மக்கள் வாக்களித்துப் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தபோதும் இதை விடவில்லை. அதிகாரத்தை மட்டும் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பல்லேகமவில் இருந்துகொண்டு இதை ஏன் பேசுகிறோம்? நாமும் அப்படியொரு நாடு இருந்த மண்ணில்தான் நிற்கிறோம். 1766 உடன்படிக்கையில் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எடுத்துக்கொண்டதும், கண்டி இராச்சியம் கடலில்லாத மலைநாடாகிவிட்டது. 1739 முதல் 1815 வரை அதை ஆண்ட கடைசி நான்கு அரசர்களும் தென்னிந்திய நாயக்கர் வழியினர். அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753இல், சீயத்திலிருந்து பிக்குகள் வந்து, இங்கே அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீட்டுத் தந்தார்கள்.

ஆனால் 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்கள். கடைசி அரசரை நீக்கியதோடு நிற்கவில்லை. 'மலபார்' இனத்தவருக்கு அரசுரிமையே கிடையாது, அரசரின் ஆண் உறவினர்கள் அனுமதியில்லாமல் உள்ளே வரவும் கூடாது என்று எழுதினார்கள். ஓர் அரசர் கொடுமை செய்தார் என்று சொல்வது வேற. பிறப்பையே குற்றமாக்குவது வேற. அதை எழுத வைத்தவர்களும் கடல் கடந்து வந்த ஆங்கிலேயர்தானே!

அதே ஆங்கிலேயர் காலத்தில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தார்கள். அந்தச் சந்ததிக்கு 1948இல், சுதந்திரம் கிடைத்த அதே வருடம், குடியுரிமை மறுக்கப்பட்டது.

அன்டோரா சொர்க்கம் இல்லை. அங்கே குடியேறியவர் குடியுரிமை பெற, பொதுவாக 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 20 வருடம் என்பது காத்திருந்தால் முடிகிற கணக்கு. பிறப்பு அப்படி முடியாது.

அடுத்த முறை யாராவது 'வந்தேறி' என்று சொன்னால், நாம் கோபப்பட வேண்டாம். 1815இல் அந்தச் சொல்லுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்போம்.