ஹெர்செப்டின் கதையை ஏன் படிக்க வேண்டும்?

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறைந்தும் போகிறது. எந்த வகைப் புற்றுநோய், யாருக்குப் பலன், பக்கவிளைவு என்ன, விலை என்ன என்று அதில் எதுவும் இருக்காது. இப்படிக் கேட்டுப் பழக, ஒரே ஒரு மருந்தின் வரலாற்றை முழுதாகப் படித்தாலே போதும். அதற்குப் பொருத்தமான நூல், அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் அறிவியல் செய்தியாளராக இருந்த ராபர்ட் பாசெல் 1998இல் வெளியிட்ட ‘ஹெர்-2’. ஹெர்செப்டின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து உருவான கதை அது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 15 முதல் 20 பேரின் கட்டியில் ஹெர்-2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அது உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் குவிந்து, ஓயாமல் செல்லைப் பெருகவைக்கும். இவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்பதை லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஸ்லேமன், ஜெனென்டெக் நிறுவனத்தின் ஆக்ஸல் உல்ரிச் உள்ளிட்டோர் 1987இல் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் எலி ஆன்டிபாடி ஒன்றை, நம் உடல் ஏற்கும்படி பெரும்பகுதி மனிதப் புரதமாக மாற்றினார்கள். அதுதான் ஹெர்செப்டின். 1998 செப்டம்பரில் அதற்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இடைப்பட்ட 11 ஆண்டுகள்தான் நூலின் உயிர். ஜெனென்டெக் தயங்கியது. உல்ரிச் ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஸ்லேமனின் ஆய்வகத்துக்குக் கைகொடுத்தது, லிப்ஸ்டிக் விற்கும் ரெவ்லான் நிறுவனத்தின் பணம். இன்னொரு பக்கம், சோதனைக்கு வெளியே மருந்து தர முடியாது என்று நிறுவனம் சொல்ல, கலிஃபோர்னியாவில் ஒரு மகப்பேறு மருத்துவர் அது கிடைக்காமலேயே இறந்துபோனார். 1994 டிசம்பரில் அவருக்காகத் தோழிகள் ஜெனென்டெக் வளாகத்துக்குள்ளேயே ஹாரன் ஒலிக்கக் கார்களில் இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு செவிலியர், காரை ஒரு கட்டடத்தின் முன் நிறுத்தி, ஸ்டீயரிங்கோடு சேர்த்துத் தன் கைக்கு விலங்கு பூட்டிக்கொண்டார்.

பிறகு நிறுவனம் இறங்கிவந்தது. சோதனையில் சேர முடியாத சிலருக்குக் குலுக்கல் முறையில் மருந்து கொடுத்தது. பெண்கள் சோதனையில் சேரத் தயங்கியதால், போலி மருந்து கொடுத்து ஒப்பிடும் முறையையும் கைவிட்டது. போராடிய அமைப்புகளே சோதனைக்கு ஆள் சேர்க்கவும் உதவின. மருந்து ஆய்வகத்தில் பிறந்தாலும், அதை வளர்த்ததில் நோயாளிகளுக்குப் பாதிப் பங்கு உண்டு.

நோய் பரவிவிட்ட 469 பெண்களிடம் நடந்த சோதனையின் முழு முடிவு 2001இல் வெளியானது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 20.3 மாதம், ஹெர்செப்டினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 25.1 மாதம். ‘அதிசய மருந்து’ என்று தலைப்புப் போட்டார்களே, அதன் அளவு ஏறக்குறைய ஐந்து மாதம். ஆந்த்ராசைக்ளின் வகை கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. ஹெர்செப்டின் போடுகிறவர்களுக்கு இன்றும் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுப்பது இதனால்தான்.

ஆனால் பாசெலின் நூல் 1998இல் நின்றுவிடுகிறது. அதன் பின்தான் விஷயமே சூடுபிடித்தது. ஆரம்ப நிலையிலேயே கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்ற முடிவு 2005இல் வந்தது. உடனே விலை முன்னுக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஓராண்டு போட வேண்டிய மருந்து இது. ஜெனென்டெக்கின் தாய் நிறுவனமான ரோஷ், இந்தியாவில் இதற்கான தன் காப்புரிமையை 2013இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே பெங்களூரு பயோகான், மைலான் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து அதே வகை மருந்தை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கூட்டணியின் மருந்துக்கு 2017இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தது. பெங்களூரிலிருந்து எழுத வேண்டிய இந்த இரண்டாம் பாகத்தை, நம் மொழிகளில் ஒருவராவது எழுத வேண்டும். தமிழில் புற்றுநோய் பற்றி வரும் நூல்கள் பெரும்பாலும் அறிகுறி, உணவு, மனத்தைரியம் என்று முடிந்துவிடுகின்றன. மருந்து வந்த வழி தெரியாதவர், மருத்துவர் சொல்வதற்குத் தலையாட்டுவார். அல்லது மூலிகை விளம்பரத்தை நம்புவார்.

இந்தக் கதையைப் படித்தவருக்கு பயாப்ஸி ரிப்போர்ட் வேறு மாதிரித் தெரியும். ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பி வரிகளை அடுத்து ஹெர்-2 இருக்கும். பக்கத்தில் 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்று. 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சந்தேகம். ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். 0, 1+ இரண்டும் நெகட்டிவ், ஹெர்செப்டினால் பலனில்லை.

அந்தக் கணக்கும் மாறிவிட்டது. ஹெர்செப்டினோடு கீமோ மருந்தைப் பிணைத்துச் செய்த டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன், நோய் பரவிய நிலையில் 1+ உள்ளவர்களுக்கும், ஃபிஷ் நெகட்டிவான 2+ உள்ளவர்களுக்கும் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2022இல் தெரிந்தது: 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதம். நோய் பரவியவர்கள், பழைய ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தாலும், அது 0-வா 1+-ஆ என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.