மரம் நட்டால் வயல் திரும்புமா?

எங்கள் வீரபாண்டியில் முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். செங்கல் சூளைக்காக ஒரு அடி மேல்மண்ணை வெட்டி விற்றுவிட்டால், அந்த வயல் பல வருடம் நோஞ்சானாகக் கிடக்கும். எத்தனை வண்டி எரு அடித்தாலும் பழைய விளைச்சல் லேசில் வராது. ஒரு அடி மண் போனதற்கே இந்தக் கதி! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக ஐம்பது மீட்டருக்கும் மேல் தோண்டிப் புரட்டுகிறார்களே, அந்த வயல்களின் கதி என்ன?

"தேனிக்காரனுக்கு நெய்வேலியைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டு விளக்கில் எரியும் மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கும் உண்டு சகோதரர்களே! வெளிச்சத்தை அனுபவிக்கிற நமக்கு, அதற்காக நிலத்தைப் பறிகொடுத்தவனுக்காகக் குரல் கொடுக்கும் கடமை இல்லையா?

2023 ஜூலை மாதத்தை மறந்துவிட முடியுமா? கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுகிறோம் என்று சொல்லி, நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் இராட்சத எந்திரங்களை இறக்கினார்கள். "இது நாங்கள் எப்போதோ கையகப்படுத்திய நிலம்" என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக்கூடாதா என்று சென்னை உயர்நீதிமன்றமே வேதனையோடு கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பயிருக்கு விலை கிடைத்தது. மண்ணுக்கு?

இங்கேதான் அதிகார வர்க்கம் ஒரு பச்சைப் படத்தை நீட்டுகிறது. "பாருங்கள், தோண்டிய இடத்தில் மரம் நட்டிருக்கிறோம், ஏரி அமைத்திருக்கிறோம், பறவைகள் வருகின்றன!" உண்மைதான். மறுக்கவில்லை. 1957-ல் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்து, சுரங்க மண்ணிலேயே நெல்லும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். பாராட்டுவோம்.

ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த மரங்கள் யாருடைய மரங்கள்? அந்த ஏரி யாருடைய ஏரி? நெல் விளைந்த மண்ணை வாங்கிக்கொண்டு, தைல மரத்தையும் படகுச் சவாரியையும் காட்டினால் கணக்குத் தீர்ந்துவிடுமா? சுரங்க மண்ணிலும் நெல் விளையும் என்று நீங்களே நிரூபித்த பிறகு, அந்த நிலத்தை உழுதவனிடம் திருப்பிக் கொடுக்க என்ன தடை?

மண்ணோடு முடிந்ததா விஷயம்? சுரங்கத்துக்குள் நீர் பொங்கி வராமலிருக்க, நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலத்தைச் சீரமைத்தோம் என்று சொல்பவர்கள் நீருக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை! சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்று மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009-ல் விதிமுறை வகுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் தனி வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, கால்நடைத் தீவனம் முளைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. மாட்டுக்குப் புல் வேண்டும் என்று நீதிமன்றம் நினைத்தது. மனிதனுக்குச் சோறு வேண்டும் என்று அரசாங்கம் எப்போது நினைக்கும்?

முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவில்கூட 1977-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே நல்ல விளைநிலத்தைத் தோண்டுபவன் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பக்கத்துத் தோண்டாத நிலத்துக்கு ஈடாக விளைவித்துக் காட்டினால்தான் அவன் கட்டிய பிணைத்தொகை முழுதாக விடுவிக்கப்படும். விளைச்சல்தான் அங்கே அளவுகோல்! இங்கோ நட்ட கன்றின் எண்ணிக்கைதான் அளவுகோல்!

"மின்சாரம் வேண்டாமா? வளர்ச்சி வேண்டாமா?" என்று மிரட்டுகிறார்கள். வேண்டும். யார் வேண்டாம் என்றது? நிலக்கரி ஒருநாள் தீரும். சோற்றின் தேவை தீராது. அவசரத்துக்கு வாங்கிய பொருளை, அவசரம் முடிந்ததும் நல்ல நிலையில் திருப்பித் தருவதுதான் நாணயம். நிலம் ஓர் அமானிதம். அதை வாங்கியவன் உரிமையாளன் ஆகிவிட்டதாக நினைப்பது மோசடி.

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒவ்வொரு சுரங்கத்திலும் மேல்மண் தனியாகச் சேமிக்கப்படுகிறதா? ஊர் அறிய அளந்து காட்டுங்கள்.

மூடுவதற்கான தனிக்கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவானது? சுற்றியுள்ள கிராமசபைகளில் தமிழில் வாசியுங்கள்.

சீரமைத்த நிலத்தில் முதல் உரிமையை, அதை இழந்த குடும்பங்களுக்குக் கொடுங்கள். விளையும் நிலைக்கு வரும்வரை வருடாந்திர ஈட்டுத்தொகை கொடுங்கள்.

இவற்றுக்குப் பதில் வரும்வரை புதிதாக ஒரு ஏக்கரைத் தொடாதீர்கள்!

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளே! இன்று அவர்கள் வயல். நாளை யாருடைய வயல்? அடுத்த கிராமசபையில் கடலூர் விவசாயிகளுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு அடி மண்ணின் அருமை தெரிந்த நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?