ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன்

சனவரி மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஒலிம்பிக் தீபகற்பம். மழை ஓயவில்லை. ஹோ ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி. இரு கைகளாலும் வீச வேண்டிய நான்கு மீட்டர் நீளத் தூண்டில்கோல் அவரிடம் உள்ளது. நுனியில் புழு இல்லை; இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சிதான். வீசுகிறார். நீரோட்டம் அதை மெல்லக் கரைப்பக்கம் இழுத்து வருகிறது. ஓர் எட்டு நகர்ந்து மறுபடியும் வீசுகிறார். மாலைவரை இதுதான். வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத சீமோனின் சோர்வை நாம் அறிவோம். இவரோ மறுநாளும் மகிழ்ச்சியோடு வருகிறார்!

அவர் தேடுவது ஸ்டீல்ஹெட் மீனை. ஆயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்பது அங்குள்ள வழக்கு. நமது நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கப்படும் வானவில் டிரவுட் மீனும் இதே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குச் சென்று, வெள்ளிபோல் மின்னி, பிறந்த ஆற்றுக்கே திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் மடிந்துவிடும். ஸ்டீல்ஹெட் மீன்களில் சில உயிர் பிழைத்து மீண்டும் கடல் சேரும். மறுமுறையும் முட்டையிட வரும்.

அப்படிப்பட்ட மீன் இன்று அருகி வருகிறது. எனவே 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில அரசு ஒலிம்பிக் தீபகற்ப ஆறுகளில் கடும் விதிகளைக் கொண்டுவந்தது. படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது. இரை கூடாது. இயற்கையாக ஆற்றில் பிறந்த மீன் சிக்கினால் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த விதி. படகோட்டி வழிகாட்டிப் பிழைப்போருக்கு இது பேரிடி. "பொழுதுபோக்குக்காரர்களை மட்டும் ஏன் தண்டிக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டனர்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மீன் குறைந்ததற்குத் தூண்டில் மட்டும் காரணமல்ல. ஆற்றோரக் காடுகள் முன்பு வெட்டப்பட்டன. கடல் வெப்பமடைகிறது. ஹோ ஆற்றுக்கு நீர் தரும் பனியாறுகள் சுருங்குகின்றன. பொரிப்பகங்களில் வளர்த்துவிட்ட மீன்கள் இயற்கை மீன்களோடு கலந்து அவற்றின் வலிமையைக் குறைக்கின்றன. இவற்றோடு அணைகள் வேறு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பிடித்து விட்டுவிடுகிறோம், அதனால் தீங்கில்லை என்று தூண்டில்காரர் சொல்கிறார். குளிர்ந்த நீரில், கவனமாகக் கையாண்டால், பெரும்பாலானவை பிழைப்பது உண்மையே. எல்லாமே பிழைப்பதில்லை. மீன்கள் சிலவே இருக்கும்போது ஒரே மீன் பலமுறை முள்ளில் சிக்கவும் கூடும். நாம் அன்பு செய்வதாகச் சொல்லும் ஒன்றை நமது அன்பே காயப்படுத்துகிறதா? நேர்மையான மனம் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இந்த மீனை வாழ்வாகவே கொண்ட பூர்வகுடி மக்களும் அங்கு உள்ளனர். 1850களில் தங்கள் நிலத்தைக் கொடுத்து, மீன்பிடி உரிமையை உடன்படிக்கையில் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். பிடிக்கத்தக்க மீன்களில் பாதி அவர்களுக்கு உரியது என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். ஆற்றில் மீனே இல்லாவிட்டால் அந்தப் பாதிக்கு என்ன பொருள்?

2001-ஆம் ஆண்டில் கொலம்பியா ஆற்றுப்பகுதியின் கத்தோலிக்க ஆயர்கள், அமெரிக்கரும் கனடியரும் இணைந்து, ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டனர். ஆறு எல்லாருக்கும் பொதுவானது, பொதுநலனுக்காகப் பேணப்பட வேண்டியது என்பது அதன் சாரம். இன்றும் அது பழையதாகவில்லை. கொலம்பியாவின் கிளையான ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நான்கு அணைகள் உள்ளன. அந்த ஆற்றுப்பகுதியின் மீன்களை மீட்க 2023 டிசம்பரில் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்க அரசு அதிலிருந்து விலகியது. மின்சாரமும் தானியப் படகுப் போக்குவரத்தும் முக்கியம் என்கிறது ஒரு தரப்பு. அவையும் மக்களின் பிழைப்புதான். எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் கொடுத்த வாக்கு மீறப்படும்போது காயப்படுவது எப்போதும் ஒரே தரப்புதானே!

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. அதே தீபகற்பத்தில் எல்வா ஆற்றை இரண்டு அணைகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மறித்து நின்றன. 2011 முதல் 2014 வரை அவை இடித்து அகற்றப்பட்டன. மறைந்துபோனதாகக் கருதப்பட்ட கோடைக்கால ஸ்டீல்ஹெட் மீண்டும் மேல் ஆற்றில் தோன்றியது. எங்கிருந்து? அணைக்கு மேலே அடைபட்டு, டிரவுட்டாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீன்களுக்குள் கடலுக்குச் செல்லும் இயல்பு அழியாமல் இருந்தது. வழி திறந்ததும் புறப்பட்டுவிட்டன.

தவக்காலத்தில் நாம் ஒறுத்தல் செய்கிறோம். படகை விட்டு இறங்கி, இரையைத் துறந்து, சில ஆண்டுகள் தூண்டிலையே சுவரில் சாய்த்து வைப்பதும் ஓர் ஒறுத்தல்தான். ஆனால் சிறியவர் மட்டும் ஒறுத்தல் செய்ய, ஆற்றிலிருந்து பெரும்பங்கு எடுத்தவர் எதையும் விட்டுக்கொடுக்காவிட்டால், அது நீதியாகாது. ஆற்றில் நிற்பவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர்களும், அவரவர் ஆற்றங்கரையில் வாழும் நாமும், விடத் தயாரா? சிந்திப்போம்.