கழற்றி வைத்த பிரதி எங்கே?

போரில் ஒருமுறை, 2004 ஆழிப்பேரலையில் மறுமுறை என ஆவணங்களைப் பறிகொடுத்த பாசிக்குடாக் கரையோர மக்களுக்குப் பிரதியொன்றின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. அரசுக்கு அது 2023 ஓகஸ்டில்தான் உறைத்தது. இலங்கை அரச முகிலைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியதில் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை.

காப்புப் பிரதி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது இணைப்பிலேயே இருந்ததால் மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. அந்த மாதங்களுக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. பூட்டிய வீட்டின் மறுதிறப்பை அதே கதவில் தொங்கவிட்ட கதைதான்.

காணி, பிறப்பு, இறப்புப் பதிவுகள் கணினிக்கு மாறும் காலம் இது. வேறோர் ஊரில், இணைப்பின்றி ஒரு பிரதி உண்டா? பிரதேச செயலகத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பதில் வரும்வரை கையிலுள்ள உறுதியைப் பத்திரப்படுத்துவோம்.